ஒரு பெட்டிக்குள் நாலு குடித்தனம்: சிறு வணிகருக்கு சர்வர் மெய்நிகராக்கம்

நாச்சாரம் தொழிற்பேட்டைப் பக்கம் சிறு கம்பெனி, குடோன் என்று நடத்தும் நம்மவர்களிடம் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மேசைக்கு அடியில் ஒரு சர்வர், பீரோ ஓரம் ஒன்று, பரண்மேல் இன்னொன்று. ஒன்று கணக்குக்கு, ஒன்று சரக்கிருப்புக்கு, ஒன்று கோப்புகளுக்கு. “எதுக்கு மூணு?” என்றால், “எல்லாத்தையும் ஒண்ணுல போட்டா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுங்க” என்பார்கள். சண்டை வருவது உண்மைதான். ஆனால் மூன்றும் நாளின் பெரும்பகுதி சும்மா ஓடிக்கொண்டிருப்பதும் உண்மை. இந்த வீணைத் தவிர்க்கும் வழியே ‘விர்ச்சுவலைசேஷன்’ எனும் மெய்நிகராக்கம்.

குடித்தனக் கணக்கு

ஒரே வீட்டை நாலு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறோம். அஸ்திவாரம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. அதேபோல ஒரு நல்ல சர்வரின் பிராசசரையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, பல கணினிகள் போல நடக்க வைக்கலாம். பங்கிட்டுக் கொடுத்து மேற்பார்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒரு குடித்தனத்தில் விண்டோஸ், அடுத்ததில் லினக்ஸ் இருக்கலாம். ஒன்று முடங்கினால் மற்றவை பாட்டுக்கு வேலை செய்யும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1960களிலேயே ஐ.பி.எம். தன் பெரிய கணினிகளில் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என வெளியிட்டது. சாதாரண சர்வருக்கு விஎம்வேர் 2001இல் கொண்டுவந்தது. 2005, 2006இல் இன்டெல், ஏஎம்டி இரண்டும் தங்கள் சில்லுகளிலேயே இதற்கு வசதி வைத்தன. 2007இல் லினக்ஸுக்குள் கேவிஎம் சேர்ந்தது. 2008இல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வந்தது. அதன் பிறகே சிறு கடைக்காரன் கைக்கும் எட்டியது.

என் கடையில் நடந்தது

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் புது மென்பொருளுக்கு மாறினோம். வாட் காலத்துக் கணக்கெல்லாம் விண்டோஸ் சர்வர் 2003 ஓடும் பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டது. அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015லேயே முடிந்துவிட்டது. 2018 கோடையில் பெட்டி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அதே சமயம் பழைய ஆண்டு ஒன்றின் கொள்முதல் விவரம் கேட்டு நோட்டீஸ். பில் விவரம் காட்டாவிட்டால் கொள்முதலில் கட்டிய வரிக்குக் கழிவு இல்லை. பழுது பார்ப்பவரோ, “இந்த போர்டு இப்ப மார்க்கெட்ல இல்ல” என்று கைவிரித்துவிட்டார்.

நம் சங்கத்துப் பிள்ளை ஒருவர் வந்து பார்த்து, “மாமா, பெட்டி போனா போகட்டும், உள்ளே இருக்கறத அப்படியே எடுத்துடலாம்” என்றார். வட்டை முழுதாக நகலெடுத்து, புதிய சர்வரில் ஒரு குடித்தனமாக ஏற்றினார். மறுநாள் அதே பழைய திரை, அதே பேரேடு! இரண்டு மாதத்தில் பழைய பெட்டி நின்றேபோனது, கணக்கு நிற்கவில்லை.

உயிர் தான் எடுத்த உடம்பின் அளவாய் நிற்கும் என்பது சமணக் கொள்கை. அதற்கு விளக்கை உவமை சொல்வார்கள்: குடத்துள் வைத்தால் குடமளவு ஒளி, கூடத்தில் வைத்தால் கூடமளவு. மெய்நிகர் கணினியும் அப்படியே. அது வெறும் கோப்பு. எந்தப் பெட்டியில் ஏற்றி எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ, அவ்வளவில் வேலை செய்யும்.

வரவு எவ்வளவு?

300 வாட் இழுக்கும் சர்வர் மூன்று இரவு பகலாக ஓடினால், 30 நாளில் 648 யூனிட். அதற்குப் பதில் 400 வாட்டில் ஒன்றே ஓடினால் 288 யூனிட். மாதம் 360 யூனிட் மிச்சம், யு.பி.எஸ்., ஏ.சி. செலவு குறைவது தனி. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பெட்டி அவ்வளவு நாள் உழைக்குமோ என்னவோ, கோப்பை நகலெடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

எல்லா முட்டையும் ஒரே கூடையில் என்பதுபோல, பெட்டி விழுந்தால் எல்லாக் குடித்தனமும் விழும். ஆகவே இரட்டை வட்டு வேண்டும். தினமும் தனி வட்டில் நகல் வேண்டும். வாரம் ஒரு நகல் வீட்டுக்குப் போக வேண்டும். ‘ஸ்னாப்ஷாட்’ அந்தப் பெட்டியிலேயே இருப்பது, அதை நகல் என்று நம்பாதீர்கள். நகலை மாதம் ஒருமுறை திறந்தும் பாருங்கள். பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்கவே கூடாது. விண்டோஸ் உரிமம் குடித்தனங்களுக்கும் கணக்கு உண்டு, வாங்குமுன் கேளுங்கள்.

இன்னொன்று. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியபின், ஒருமுறை பணம் கட்டி எடுக்கும் உரிமம் போய்ச் சந்தா முறை வந்தது. ஆதலால் சிறியவர்கள் ஹைப்பர்-வி, கேவிஎம் அடிப்படையிலான பிராக்ஸ்மாக்ஸ் ஆகியவற்றையும் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரே கணினியில் கணக்கெழுதும் கடைக்கு இதெல்லாம் வேண்டாம்; தினசரி நகல் போதும். இரண்டு மூன்று சர்வர் வைத்திருப்பவர்கள் நாலாவது வாங்குமுன் ஒருமுறை யோசியுங்கள். மிகுபொருள் விரும்பாமை நம் பெரியோர் இல்லறத்தார்க்கு வகுத்த விரதம். கடைக்கும் அது பொருந்தும்.