எள்ளளவு தள்ளிப் போன குண்டு

ஹிட்லர் ஜெயித்துவிட்டான் என்பதை எங்கள் மாடி வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி) ஐந்தே நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். அமெரிக்காவை ஜெர்மனியும் ஜப்பானும் பங்கு போட்டுக்கொண்டன என்பதற்கும் தலையாட்டினார். அவருக்கு இடித்ததெல்லாம் வேறு. "சரி, அந்த ஊரில் ரேஷன் உண்டா இல்லையா? மளிகைக் கடையில் என்ன விலை?" இது புரியாமல் அடுத்த எபிசோடுக்கு நகர விடமாட்டேன் என்று ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

புனேயில் ஒரு சனிக்கிழமை இரவு, 'தி மேன் இன் தி ஹை காஸில்' பார்க்க உட்கார்ந்த கதை இது. அன்றிலிருந்து இந்த மாதிரி 'இப்படி நடந்திருந்தால்' சீரியல்களின் பின்வாசல் வழியாக எட்டிப் பார்ப்பதே எனக்குப் பித்தாகிவிட்டது. வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே போவோம்!

முதல் ரகசியம்: இந்த சீரியல் பிறந்ததே பார்வையாளர் தீர்ப்பில்தான். 2015 ஜனவரியில் அமேசான் ஒரே ஒரு எபிசோடை மட்டும் வெளியிட்டு, 'மீதி வேண்டுமா?' என்று ஜனங்களையே கேட்டது. வேண்டும், வேண்டும் என்று அவர்கள் குதித்த குதியில் பிப்ரவரியிலேயே முழு சீசனுக்குப் பச்சைக்கொடி. மூலம், பிலிப் கே. டிக் 1962-ல் எழுதிய நாவல். நாவலுக்குள்ளே எல்லாரும் ஒளித்து வைத்துப் படிப்பது ஒரு புத்தகம், ஜெர்மனி தோற்றுப்போன கதை. டிவியில் ஒருவர் புத்தகம் படிப்பதை எத்தனை நேரம் காட்டுவது? புத்தகம் ஃபிலிம் சுருளாக மாறியது! ரூஃபஸ் ஸ்யூவல் நடித்த ஜான் ஸ்மித் நாவலிலேயே கிடையாது. சீரியலுக்கென்று புதிதாகச் செய்த ஆள். கடைசியில் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தது அவரைத்தான்.

செட் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. மலையடிவார ஊராக வரும் கேனன் சிட்டி, உண்மையில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ராஸ்லின் என்ற சின்ன ஊர். பெர்லின் காட்சிகளில் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு பூதாகாரக் குவிமாடம் வருமே? ஹிட்லரின் கட்டடக்கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியர் வரைந்து, கட்டாமலே போன மண்டபம் அது. ஒரு செங்கல்கூட அடுக்காத கட்டடத்தை கிராஃபிக்ஸ்காரர்கள் எழுப்பிக் காட்டிவிட்டார்கள்.

விளம்பரத்தில்தான் கை சுட்டது. 2015 நவம்பரில் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க ரயிலில், இருக்கை முழுக்க சீரியலில் வரும் நாஜி அமெரிக்கக் கொடியையும் ஜப்பானியப் பேரரசுச் சின்னத்தையும் ஒட்டினார்கள். வேலைக்குப் போகிறவர் அதன்மேல் உட்கார வேண்டும்! கொதித்துப் போனார்கள் ஜனங்கள், மேயரே எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். வீட்டுத் திரையில் சம்மதித்தவர்கள் ரயில் இருக்கையில் சம்மதிக்கவில்லை. 2019-ல் நாற்பதாவது எபிசோடோடு கதை முடிந்தபோது இன்னொரு கலவரம். வேறு உலகத்து வாசலிலிருந்து ஜனங்கள் சாரிசாரியாக நடந்து வருகிறார்களே, யார் இவர்கள், எங்கே போகிறார்கள்? பதில் சொல்லாமல் திரை விழுந்தது. காகூ அன்றிரவு எனக்கு டீ கூடத் தரவில்லை, ஏதோ நான்தான் எழுதியது மாதிரி.

ஆனால் 'இப்படி நடந்திருந்தால்' கதையில் புனேக்காரர்களுக்கு நியூயார்க் பாடம் நடத்த முடியாது. இந்த விளையாட்டில் அவர்கள் கையில் ஒரு பழைய துருப்புச்சீட்டு இருக்கிறது.

ஜெயந்த் நார்லிகர். ஆமாம், அந்த வானியல் விஞ்ஞானிதான். புனேயில் ஐயூகா ஆய்வு மையத்தை நிறுவி வளர்த்தவர், 2025 மே மாதம் இதே ஊரில் காலமானவர். அவர் கதை எழுத வந்ததே ஒரு நாடகம்தான். 1974-ல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய அறிவியல் கதைப் போட்டிக்கு, தன் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி 'நாராயண் விநாயக் ஜக்தாப்' என்று ஒரு பெயர் செய்துகொண்டார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்று மனைவி மங்களாவை எழுத வைத்தார். பரிசும் அவருக்கே!

அவர் எழுதிய 'கங்காதர்பந்தாஞ்சே பானிபத்' கதை, 'தி அட்வென்ச்சர்' என்ற பெயரில் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. மத்திய பாடத்திட்டத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் பரீட்சைக்காக உருப்போட்ட கதைதான். புனேயின் வரலாற்றுப் பேராசிரியர் கங்காதர்பந்த் கைதொண்டே லாரியில் மோதி, நிஜத்தில் தோற்ற பானிபத் போரில் மராத்தியர் ஜெயித்துவிட்ட ஓர் இந்தியாவில் போய் விழுகிறார்.

இப்போது ஆர்ட் டைரக்டர் கண்ணோடு இதைப் பாருங்கள். போர்க்களம் இல்லை, யானை இல்லை, செலவே இல்லை! புனேயிலிருந்து பம்பாய்க்கு டெக்கான் குயின் அல்ல, அதைவிட வேகமான ஜிஜாமாதா எக்ஸ்பிரஸ். காட் மலை இறங்கியதும் 'சர்ஹத்' என்று ஒரு நிலையம். சீருடைக்காரர் அனுமதிச் சீட்டு கேட்கிறார், ஏனென்றால் அங்கிருந்துதான் பிரிட்டிஷ் எல்லை. பம்பாய் உள்ளூர் ரயில் பெட்டியில் குட்டியாக ஒரு யூனியன் ஜாக். கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் ஜோராகக் கடை நடத்துகிறது. ஒரு டிக்கெட், ஒரு பெயர்ப்பலகை, கட்டைவிரல் அளவு ஒரு கொடி. சாம்ராஜ்யமே வந்து உட்கார்ந்துவிட்டது. காகூ கேட்ட மளிகை விலை ரகசியம் இதுதானே!

இத்தனை பெரிய மாற்றத்துக்குக் காரணம் என்ன? பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவை நிஜத்தில் கொன்ற குண்டு, அந்த உலகில் அவன் காதை உரசிக்கொண்டு போய்விடுகிறது. எள்ளளவு வித்தியாசம். நாமும் எள்ளளவு என்போம், மராத்தியரும் எள்ளைத்தான் சொல்வார்கள். பானிபத் யுத்தம் நடந்த தேதி 1761 ஜனவரி 14. இன்று அதே தேதியை ஒட்டி நாம் பொங்கல் வைக்கிறோம், புனேயில் வீடு வீடாக எள்ளும் வெல்லமும் சேர்த்த தில்குள் தருகிறார்கள்! இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வாயிலிருந்த எள்ளுருண்டை இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பானிபத் முடிந்த அதே வாரத்தில்தான் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தான். அது விழாதிருந்தால்? மெட்ராஸில் எல்லாரும் பிரெஞ்சு உச்சரிப்போடு தமிழ் பேசுகிற ஒரு சீரியலை எவராவது எடுத்தால், முதல் எபிசோடுக்கே ஓட்டுப் போட நான் தயார்.

பானிபத் சீரியல் எடுக்க புனேயில் இடத்துக்கா பஞ்சம்? பேஷ்வாக்களின் அரண்மனையான சனிவார் வாடாவின் டெல்லி தர்வாஜா வாசல், யானை முட்டாமலிருக்க அடித்த இரும்பு முள்ளோடு இன்னும் நிற்கிறது. உள்ளே போனால் வெறும் அடித்தளமும் புல்தரையும். 1828 தீ மிச்சம் வைத்தது அவ்வளவுதான். அதனால்தான் 2019-ல் வெளிவந்த 'பானிபத்' சினிமாவை அசுதோஷ் கோவாரிகர் எடுத்தபோது, கலை இயக்குநர் நிதின் சந்திரகாந்த் தேசாய் கர்ஜத்தில் ஒரு சனிவார் வாடாவையே கட்டினார். படம் வந்ததும் பரத்பூர் ராஜா சூரஜ்மலைக் காட்டிய விதத்துக்கு ராஜஸ்தானில் எதிர்ப்பு கிளம்பி, காட்சிகளை வெட்ட வேண்டி வந்தது. நடந்த கதைக்கே இந்தப் பாடு!

நடக்காத கதையின் பார்வையாளர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் நார்லிகர் எழுதி வைத்திருக்கிறார். 999 கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய கைதொண்டே, அந்த மாற்று பம்பாயின் ஆசாத் மைதானத்தில் ஒரு சொற்பொழிவைப் பார்க்கிறார். மேடையில் தலைவர் நாற்காலி காலி! மனுஷனால் தாங்க முடியுமா? ஓடிப்போய் உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் அந்த உலகத்து ஜனங்கள் தலைமையுரைகளையே ஒழித்துக்கட்டியவர்கள். முதலில் முணுமுணுப்பு, பிறகு கூச்சல், பிறகு தக்காளி, முட்டை. அப்படியே இந்த உலகத்துக்குத் திரும்பி வந்து விழுகிறார்.

ஊர் திரும்பியதும், ஆயிரமாவது தலைமையுரைக்குக் கூப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆயிரமாவதைத்தான் அங்கே முடித்துவிட்டாரே.