வீட்டில் நாலு பேர் குரல், ஒருவர் கணக்கு

குரலுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கரை வாங்குபவர், அதை மாட்டும்போதே மொபைலில் ‘சம்மதம்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிடுகிறார். அதன்பிறகு அந்த ஹாலில் வாய் திறக்கும் பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, கேபிள் சரிசெய்ய வந்தவர் எல்லோரும் அந்தச் சம்மதத்துக்குள் அடக்கம். அவர்களை யாரும் கேட்பதில்லை. சொன்னதும் விளக்கு எரிகிற, ஏசி ஓடுகிற சுகத்தில் இது யாருக்கும் உறைப்பதுமில்லை.

நாள் முழுக்க எல்லாப் பேச்சும் கம்பெனிக்குப் போகிறது என்பது மிகை. ‘அலெக்ஸா’, ‘ஓகே கூகுள்’ போன்ற அழைப்புச் சொல் காதில் விழுந்த பிறகு வரும் பேச்சுதான் பொதுவாக இணையம் வழியே சர்வருக்குப் போகும். ஆனால் கருவிக்குக் காது தப்பும். 2018-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு தம்பதி தங்களுக்குள் பேசிக்கொண்டது பதிவாகி, அவர்களுக்குத் தெரிந்த ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. பேச்சிடையே வந்த சொற்களைக் கருவி வரிசையாகக் கட்டளைகள் என்று எடுத்துக்கொண்டதாக அமேசான் விளக்கம் சொன்னது. மறு ஆண்டு பெல்ஜியத்தின் விஆர்டி ஊடகம், கூகுளின் ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தது. அவற்றில் 153, யாரும் அழைக்காமலே பதிவானவை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். குழந்தைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததாகவும், பெற்றோரின் அழிக்கும் கோரிக்கையை முழுமையாக நிறைவேற்றவில்லை என்றும் வந்த வழக்கில், 2023-ல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. குற்றச்சாட்டை மட்டும் ஏற்கவில்லை.

திருட்டு பயமும் வெறும் கற்பனையல்ல. மிச்சிகன், டோக்கியோ ஆய்வாளர்கள் 2019-ல், மைக்கின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சியே கட்டளை கொடுக்க முடியும் என்று காட்டினார்கள். நம் தெருவுக்கு லேசரெல்லாம் எதற்கு? ஜன்னல் திறந்திருந்தால் வாசலில் நின்று உரக்கச் சொன்னாலே போதும். அதனால் வாசல் பூட்டையும் கேட்டையும் குரலோடு இணைக்கவே வேண்டாம் என்பேன். இணைத்தே ஆகவேண்டுமென்றால் ரகசிய எண் கேட்கும்படி வையுங்கள். குரல்வழி ஷாப்பிங்கை நிறுத்துங்கள். பதிவுகள் தானாக அழியும் வசதியைப் போடுங்கள். விருந்தாளி வந்தால் மைக் பட்டனை அணையுங்கள், வேலைக்கு வருபவரிடம் கருவி இருப்பதைச் சொல்லுங்கள். படுக்கையறைக்கு அது தேவையே இல்லை.

சட்டம் என்ன தருகிறது? 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் தகவல் என்ன இருக்கிறது என்று கம்பெனியிடம் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தரவு இந்தச் சட்டத்துக்குள் வராது. வீட்டுக்காரர் தன் பேச்சை ஒட்டுக்கேட்டார் என்று வேலைக்கு வரும் அக்கா இதன்கீழ் புகார் சொல்ல வழியில்லை.

அபராதமும் அரசின் கஜானாவுக்குத்தான் போகும். நஷ்டஈடு வேண்டுபவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டும். நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவருக்கு வெளியிடுவதை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போடவேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930. கோபத்தில் பதிவுகளை உடனே அழித்துவிடாதீர்கள்: செயலியின் வரலாற்றுப் பக்கத்தைத் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு அழித்துவிடுங்கள்.