கம்பத்தைத் தேடினால் குமுளியும் வரும்

கம்பத்தை ஆங்கிலத்தில் எழுத இரண்டு வழி உண்டு. சி-யில் தொடங்கி நடுவில் இரண்டு யு போடுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைகூட அந்த எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. காதில் விழுவதை எழுதுகிறவர்களோ கே-யும் ஏ-யும் போடுவார்கள். போடிநாயக்கனூருக்கு நடுவில் கே ஒன்றா, இரண்டா என்பதிலும் ஒற்றுமை இல்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, விமர்சனம் கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

மனிதர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். கணினி சமாளிக்காது.

லினக்ஸின் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை செய்பவர்கள் கோப்பின் பெயரை முழுதாக அடிப்பதில்லை. முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மிச்சத்தை, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற நிரல் நிரப்பும். ஆனால் அடித்த எழுத்துகள் பெயரின் தொடக்கத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும். கே-யில் பெயரிட்ட கம்பம் கோப்புறையைச் சி அடித்துத் தேடினால் ஒன்றும் வராது.

1990இல் பிரின்ஸ்டன் மாணவர் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய இசட்-ஷெல் பின்னாளில் இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்த வழி செய்தது. ‘இதை அடித்தால் அதையும் ஏற்றுக்கொள்’ என்று விதி எழுதலாம். சி-க்குக் கே, யு-வுக்கு ஏ என்று ஒரே வரி போதும். இரண்டு கம்பத்துக்கும் ஆறே எழுத்து. எம்-மும் பி-யும் அதே இடத்தில் நிற்கின்றன. பெயர் முழுதும் பொருந்திவிடும். போடிக்கு விதியே வேண்டாம். கே தகராறு தொடங்குமுன்னே டேப் தட்டிவிடலாம்.

சலுகைக்கு விலையும் உண்டு. இந்த விதியோடு சி, யு, எம் அடித்தால் கம்பம் மட்டுமா வரும்? சி-யைக் கே-யாக எடுத்துக்கொண்டு, மலைக்கு மேலிருக்கும் குமுளியும் கூடவே வந்து நிற்கும். அதனால்தான் விதிகளை வரிசையாக அடுக்கும் வசதி இருக்கிறது: முதலில் அச்சான பொருத்தம், ஒன்றும் கிடைக்காவிட்டால் பெரிய, சிறிய எழுத்து பேதத்தை விடு, அதுவும் தோற்றால் கம்பம் விதி. எல்லாத் தளர்வையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பவர்கள் ஒவ்வொரு டேப்புக்கும் நீண்ட பட்டியலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தினசரிப் பயனில் இன்னொரு விதிக்கே முதலிடம் தரலாம். ‘ரசீது-சின்னமனூர்-2023’ என்ற கோப்புக்கு ‘ர-சி-2’ என்று அடித்தால் போதும். ஒவ்வொரு சிறுகோட்டுக்கும் முன்னால் விடுபட்டதை ஷெல்லே இட்டுக்கொள்ளும்.

தமிழில் பெயர் வைத்தால் தொல்லை தீரும் என்று நினைக்கலாம். தீராது. போடி, கோம்பை இரண்டிலும் வரும் ஓகாரக் குறியை யூனிகோட் ஒரே குறியீடாகவும் வைக்கும். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விசைப்பலகையில் பெரும்பாலும் சேர்ந்த வடிவமே வரும். அதனால் அந்த மேக்கிலிருந்து பிரிந்த பெயரோடு வந்த கோப்பை லினக்ஸில் ‘போ’ என்று தொடங்கி டேப் தட்டினால் பதில் இருக்காது. ஒரு குறியீட்டுக்கு இரண்டு என்று விதி எழுதித்தான் இதையும் சரிசெய்ய வேண்டும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் என மூன்றுக்கும் மூன்று விதி. லினக்ஸில் பரவலாக இருக்கும் பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பில் பெரிய-சிறிய எழுத்துக்கும், சிறுகோடு-அடிக்கோட்டுக்கும் தளர்வு உண்டு, ஓகாரத்துக்கு இல்லை.