ஆடில்லாத இடையன்

மேலகரத்தில் எங்கள் சித்தப்பா வீடு. குற்றாலம் கூப்பிடு தூரம் என்பதால் ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் அங்கே உறவுக்கூட்டம் கூடிவிடும். அப்படி ஒரு சாரலுக்குப் போயிருந்தபோது, சித்தப்பா மகன் புதிதாக ஒரு நாய் வாங்கி வைத்திருந்தான். கருப்பும் வெள்ளையுமாக, பதினோரு மாதமான பார்டர் கோலி. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ஏழெட்டுப் பிள்ளைகள் ஈரத்துண்டோடு தார்சாவுக்கும் முற்றத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நாய் குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, முதுகை ஒடுக்கி, அரைவட்டம் போட்டுச் சுற்றி வந்தது. விலகி ஓடிய கடைக்குட்டியின் குதிகாலில் மூக்கால் ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் அத்தனை பிள்ளைகளும் பட்டாசலின் ஒரு மூலையில் நின்றார்கள். நாய் நிலைப்படியில் படுத்து, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

காப்பித் தட்டோடு வந்த பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். "இது என்னல, பிள்ளையள ஆடு மாதிரி பத்தி அடைச்சு வச்சிருக்கு?"

பெரியம்மா சொன்ன சொல்தான் இந்த நாய்க்குச் சரியான சொல். எங்கள் பக்கத்தில் மேய்ப்பது வேறு, மறிப்பது வேறு, பத்துவது வேறு. புல்லைக் காட்டி விட்டுவிட்டு நிழலில் நிற்பது மேய்ப்பு. சிதறுகிற ஆட்டைச் சுற்றிப் போய்த் தடுத்துச் சேர்ப்பது மறிப்பு. சேர்ந்த மந்தையைப் பின்னாலிருந்து ஓட்டிப் போவது பத்துவது. பார்டர் கோலிக்கு மேய்க்கத் தெரியாது. மறிக்கவும் பத்தவும் தெரியும்.

பிசானம் அறுப்பு முடிந்ததும், மாசி பங்குனியில் தென்காசி வட்டார வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். அந்தக் கிடைகளிலும் நாய்கள் உண்டு. ஆனால் அவற்றின் உத்தியோகம் வேறு. பகலில் மந்தையோடு சோம்பலாக நடக்கும்; இரவில் நரியோ களவாணியோ நெருங்கினால் ஊரைக் கூட்டும். அது காவல். மறிப்பதையும் பத்துவதையும் இடையனே தொரட்டிக் கம்பாலும் தொண்டையாலும் செய்துகொள்கிறான். நம் பக்கத்துப் பேர்பெற்ற இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வந்தவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையத்தோடு இமாலய 'ஆட்டு நாய்' ஒன்றும் இருந்தது. பெயர்தான் அப்படி, அதுவும் மந்தைக்குக் காவல் இருக்கிற நாயே.

பத்துகிற நாய்களை வளர்த்தெடுத்தது ஐரோப்பா. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைக் குன்றுகளில் 1893இல் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயைத்தான் இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்கிறார்கள். சத்தம் போடாமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியது அதன் பாணி. நம்மூர் மாடிவீட்டுக் கேட்டுகளில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைக்குப் பின்னால் நிற்கிற ஜெர்மன் ஷெப்பர்டும் ஆட்டு நாய்தான். 'ஷெப்பர்ட்' என்றாலே ஆட்டிடையன். மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899இல் அந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கினார். முதல் உலகப்போரை ஒட்டி, ஜெர்மனியின் பெயரைச் சொல்லப் பிடிக்காத பிரிட்டிஷார் அதை 'அல்சேஷன்' ஆக்கினார்கள். 1977இல் அவர்களே பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள். தென்காசியில் இன்னும் அது அல்சேஷன்தான். பெயரிலிருந்த இடையன் காணாமல் போனதும், நாம் அதைப் போலீஸ்காரன் என்றே நினைத்துக்கொண்டோம்.

ஓநாய் வேட்டையாடுவதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் பார்டர் கோலியின் சூட்சுமம் பிடிபடும். இரையைக் கவனிக்கும், முறைக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும், தின்னும். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர் இதை ஒரு சங்கிலியாக விளக்கினார். மனிதன் அந்தச் சங்கிலியில் தனக்கு வேண்டிய கண்ணிகளைத் தடிமனாக்கினான், வேண்டாததை அறுத்தான். பார்டர் கோலியிடம் முறைப்பும் பதுங்கலும் துரத்தலும் ஓநாயிடம் இருப்பதைவிடக் கூடுதல்; கவ்வுவதும் கொல்வதும் அநேகமாக இல்லை. சிப்பிப்பாறைக்குத் துரத்தலும் கவ்வலும் முழுசாக உண்டு. கிடைக்காவல் நாய்க்கு இந்த முதல் கண்ணிகளே மங்கல். ஆக, பட்டாசல் நிலைப்படியில் படுத்திருந்த நாய் பாதிக்கு மேல் வேட்டையை முடித்துவிட்டு, மிச்சம் இல்லாமலே நிறைவாக இருந்தது.

ஆட்டின் பக்கமும் ஒரு இயல்பு இருக்கிறது. ஆபத்து என்றால் ஒவ்வொரு செம்மறியும் மந்தையின் நடுவுக்குப் போகப் பார்க்கும். ஓரத்தில் நிற்பதுதானே முதலில் மாட்டும்! செம்மறிகளுக்கும் நாய்க்கும் ஜி.பி.எஸ். கருவி மாட்டி, அவற்றின் நடமாட்டத்தைக் கணக்காக்கிய விஞ்ஞானிகள் 2014இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாய் செய்வது இரண்டே விதிகளுக்குள் அடங்குகிறது. மந்தையில் இடைவெளி தெரிந்தால் சுற்றிப் போய்ச் சேர். இடைவெளி மூடிவிட்டால் பின்னாலிருந்து தள்ளு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மறி, பத்து. எங்கள் ஊர்க் கோனார்கள் எந்தக் கருவியும் மாட்டாமல் வைத்திருக்கிற இரண்டு வினைச்சொற்கள்.

இந்த இனத்தின் புத்திக்கூர்மையைப் பற்றிப் பேசும்போது சேஸர் என்ற பார்டர் கோலியைச் சொல்லாமல் தீராது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் வளர்த்தது. மூன்று ஆண்டுகள், தினமும் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்து, 1,022 பொம்மைகளின் பெயர்களை அதற்குப் பழக்கினார். 2011இல் அந்த ஆய்வு வெளியானது. எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. தெரிந்த பொம்மைகளுக்கு நடுவே புதிதாக ஒன்றை வைத்து, கேட்டே இராத பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொன்னால், சேஸர் புதியதைத்தான் கொண்டுவந்தது. 'மற்றவற்றின் பெயர் எனக்குத் தெரியும், ஆகவே இது இதுதான்' என்று கழித்துப் பார்க்கிற அறிவு. 2004இல் ஜெர்மனியில் ரிக்கோ என்ற பார்டர் கோலியும் இதையே செய்துகாட்டியிருந்தது.

நாய் விற்பவர்கள் காட்டுகிற 'உலகின் முதல் அறிவாளி நாய்' பட்டியலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தே பாருங்கள். ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் 1994இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது அது. அதில் பார்டர் கோலி முதலிடம், ஜெர்மன் ஷெப்பர்ட் மூன்றாமிடம். கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களைக் கேட்டுத் தயாரித்த வரிசை. சொன்னதை எத்தனை சீக்கிரம் பழகிக்கொள்கிறது என்பதே அளவுகோல். தென்காசிப் பேருந்து நிலையத்தில் எந்தக் கடைக்காரர் எப்போது எச்சில் இலை போடுவார் என்று தெரிந்துவைத்து, பேருந்துச் சக்கரத்துக்குத் தப்பிப் பத்து வருடம் வாழ்கிற தெருநாயை எந்த நடுவரும் கேட்கவில்லை.

குன்றில் நாளெல்லாம் ஓடி, நூற்றுக்கணக்கான ஆடுகளைச் சமாளிக்கப் பிறந்த உடம்பையும் மூளையையும் பத்துக்குப் பத்து போர்ட்டிக்கோவில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? அது தன் ஆடுகளைத் தானே தேடிக்கொள்ளும். பிள்ளைகள், கோழிகள், பால்காரர் சைக்கிள், எல்லாவற்றையும்விட மோசமாகத் தெருவில் போகிற பைக் சக்கரம். சில நாய்கள் நிழலையும் சுவரில் விழுகிற வெளிச்சத்தையும் துரத்தத் தொடங்கி, அதிலிருந்து மீளாமலே போய்விடும். லேசர் விளக்கு காட்டி விளையாடுவது பிள்ளைகளுக்கு வேடிக்கை, நாய்க்கு வினை. வீட்டில் எல்லோரும் இதைச் சேட்டை என்கிறார்கள். வேலை கிடைக்காத வேலைக்காரனின் தவிப்பு என்பேன் நான்.

சித்தப்பா மகன் அதற்கு வேலை கொடுத்தான். முதலில் 'நில்', 'படு'. ஓடிக்கொண்டிருக்கும்போதே படுக்கப் பழகாத ஆட்டு நாயைத் தெருவுக்குக் கூட்டிப் போகக் கூடாது. பிறகு 'தேடு'. சோற்றைத் தட்டில் வைக்காமல் வளவில் ஏழெட்டு இடத்தில் ஒளித்து வைத்தான். அப்புறம் செருப்பு, துண்டு, செய்தித்தாள் என்று பெயர் சொல்லி எடுத்துவரப் பழக்கினான். அரை மணி நேரம் மூளைக்கு வேலை கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடியதுபோல அடங்கிப் படுக்கிறது என்கிறான். எல்லாம் தமிழில்தான். வீட்டில் ஒருவருக்கொருவர் தமிழ் பேசிவிட்டு நாயிடம் மட்டும் 'சிட்', 'கம்' என்று இங்கிலீஷுக்குத் தாவுவது நம் குடும்பங்களின் விசித்திரம். நாய்க்கு ஓசைதான் கணக்கு. ஒரு வேலைக்கு ஒரே சொல்லை வீட்டில் அத்தனை பேரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தட்பவெப்பம் பெரிய சங்கதி. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் சாரலும் இருக்கிற மூன்று மாதம் இந்த நாய்க்குக் கொண்டாட்டம். சித்திரை வெயில் அப்படியல்ல. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கும். பார்டர் கோலிக்கு, போதும் என்று தானாக ஓட்டத்தை நிறுத்தத் தெரியாது. ஆகவே நிறுத்த வேண்டியது நாம். விடிந்த கையோடும் இருட்டிய பிறகும் மட்டும் ஓடவிடுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாததை அதன் பாதமும் தாங்காது. சூடு என்று முடியை ஒட்டச் சிரைப்பதும் தவறு. அந்த இரட்டை அடுக்கு ரோமம் வெயிலையும் தடுக்கிறது. மழை நாளில் காது மடலையும் விரலிடுக்கையும் தடவி உண்ணி பாருங்கள்; உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லும்.

மருந்து விஷயம் இதைவிட முக்கியம். கோலி வகை நாய்கள் பலவற்றில் ஒரு மரபணுக் குறை உண்டு. 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். வேண்டாத மருந்தை மூளைக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளுகிற புரதம் அவற்றில் வேலை செய்யாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒட்டுண்ணிக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை இந்த நாய்க்கு அந்த அளவில் போட்டால் நடுக்கம், மயக்கம், சமயத்தில் சாவு. லாஸி சினிமாவில் வருகிற நீளமுடிக் கோலியில் இக்குறை மிக அதிகம். ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு உண்டு. பார்டர் கோலியில் குறைவு. கிடைக்கு வாங்கிய மருந்து மிச்சமிருக்கிறதே என்று சொறிபிடித்த நாய்க்கு நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் குட்டி வாங்க ஆசை விடவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். கழுத்துப் பட்டையும் கயிறும் மட்டும் முதலில் வாங்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, நாயில்லாமலே, தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், சாரலிலும் நனைந்துகொண்டு மேலகரத்திலிருந்து குற்றாலம் சாலையில் ஒரு மாதம் நடந்து பாருங்கள். முப்பத்தோராம் நாளும் எழுந்தீர்களானால் குட்டி பார்க்கப் போகலாம்.