வண்டிக்குள் படுத்தால் பத்திரமா?

2011 டிசம்பர் 29. 'தானே' புயல் நெருங்கிக்கொண்டிருந்த முன்னிரவு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது ஓட்டு வீடு. காற்று ஏற ஏற ஓடுகள் தடதடவென்று ஆட ஆரம்பித்தன. மடியில் எட்டு மாதக் குழந்தை.

வாசலில் வேப்ப மரத்தடியில் எங்கள் வேன். கோயில் குளம் போக, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து என் கணவர் ஆசையாய்ச் செய்தது. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்திலுள்ள என் அம்மா வீட்டுக்கு அதில்தான் போவதாக இருந்தோம்.

"ஓடு விழுந்தாலும் விழும். வண்டி இரும்பாச்சே, குழந்தையைத் தூக்கிக்கிட்டு அதிலே போய்ப் படுத்துக்கலாம்" என்றார் அவர். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மாமியார் விடவில்லை. "மரத்தடியிலேயாடா பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பே? எதிர் மாடி வீட்டுக்கு நடங்க!" என்று அதட்டினார். போனோம்.

காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று! வெளியே வந்து பார்த்தால், வேப்பங்கிளை வண்டிக் கூரையைப் பிளந்துகொண்டு படுக்கை மேலேயே கிடந்தது. எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

புயல் என்றால் இப்போது நாங்கள் செய்வது இதுதான்:

* காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் பலம் நாலு மடங்காகும். உயரமான வண்டியைப் பக்கவாட்டில் அடித்தால் சாய்த்துவிடும். எனவே, முகப்பைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மறைவு கிடைத்தால் இன்னும் நல்லது.

* மரம், மின்கம்பம், தகரக் கொட்டகை, பழைய மதில் எதன் பக்கத்திலும் வேண்டாம். தண்ணீர் தேங்காத மேட்டு இடமாகப் பாருங்கள்.

* ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

* கூரை மேலுள்ள சாமான்களை இறக்குங்கள். மேல் உறையையும் கழற்றிவிடுங்கள். காற்று புகுந்தால் பாய்மரம் மாதிரி உப்பிவிடும். கேஸ் சிலிண்டரை மூடிக் கழற்றிவிடுங்கள்.

* காற்று சட்டென்று ஓய்ந்தால், புயல் போய்விட்டது என்று வண்டியைப் பார்க்க ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

* முக்கியமாக, யாரும் உள்ளே படுக்கக் கூடாது. வண்டி போனால் வாங்கலாம், இல்லையா?

அந்த வருஷம் ஆருத்ரா தரிசனம் தவறிப்போயிற்று. அடுத்த முறை, பாட்டி விரலைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளை நடந்தே வந்து நடராஜரைத் தரிசித்தான்.