மாரண்டஹள்ளியும் எழுத்துப் பிழையும்

1. தோற்றுவாய்

பிழையின்றி எழுதுதல் தமிழ் பயில்வார்க்கு முதற்கடன். பிறர் எழுதிய பிழையைக் கண்டு சினவாதிருத்தல் தமிழாசிரியர்க்கு அதனினும் அரிய கடன். விடைத்தாளில் 'அறம்' என நிற்க வேண்டிய இடத்தில் 'அரம்' நிற்பின், ஒழுக்கம் இருந்த இடத்தில் கொல்லனது கருவி வந்து அமர்கின்றது. 'வளி' என்பது 'வலி' ஆயின் காற்று நோயாகின்றது. இத்தகையவற்றைக் கண்டு எழும் சினம் நேரிதே. எனினும், அச்சினம் சிலபோது பிழையல்லாதவற்றின்மேலும் செல்லுதலை யாம் எம் பட்டறிவிலேயே கண்டோம். அதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை யாம் திருத்த நேர்ந்தது. அவர் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வட்டத்தைச் சார்ந்தவர். ஏட்டின் ஓரிடத்தில் 'மாரண்டஹள்ளி' என்றும், ஓரிடத்தில் 'மாரண்டஅள்ளி' என்றும், மக்கள் பேச்சைப் பதிவு செய்த பகுதியில் 'மாரண்டள்ளி' என்றும் எழுதியிருந்தார். யாம் மூன்றனையும் செம்மையிற் கோடிட்டு, 'ஊர்ப்பெயரும் பிழையற எழுதாமை' எனக் குறித்து மதிப்பெண்ணும் குறைத்தோம். பின்னர் அவர் எம்மை அணுகி, "ஐயா, பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்று, பட்டாவில் இருப்பது ஒன்று, எங்கள் அம்மா சொல்வது ஒன்று. இவற்றுள் எதைப் பிழையென்று நான் நீக்குவது?" என்று வினவினார். அன்று எம்மிடம் விடையில்லை.

2. பள்ளியும் ஹள்ளியும்

'பள்ளி' என்பது சிற்றூரையும், துயிலிடத்தையும், சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னடத்திலும் பண்டு இதுவே வடிவம். அம்மொழியில் மொழிமுதற் பகரம் பத்தாம் நூற்றாண்டு முதலாகப் படிப்படியே ஹகரமாயிற்று. தமிழில் பால், புலி, பத்து, பெயர் என நிற்பன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து, ஹெசரு என நிற்றல் காண்க. அவ்வாறே பள்ளி ஹள்ளியாயிற்று.

தருமபுரிப் பகுதி பழைய தகடூர் நாடு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் நெடுங்காலம் கலந்து வழங்கிய நிலம். ஆதலின் ஆங்கு இருவகை வடிவமும் அருகருகே நிலைத்தன. மாரண்டஹள்ளிக்கு அண்மையிற் சின்னாற்றணை அமைந்த ஊர் 'பஞ்சப்பள்ளி'. அம்மாவட்டத்து வட்டத் தலைநகர் ஒன்று 'நல்லம்பள்ளி'. இவை பகரத்தைக் காத்தன, மாரண்டஹள்ளி ஹகரத்தை ஏற்றது. ஒரே சொல்லின் ஈர் உருவங்கள் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. இவற்றுள் ஒன்றைப் பிழையெனத் தள்ளுதல் வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழித்தலோடு ஒக்கும்.

3. அள்ளி

இனி, 'அள்ளி' என்னும் வடிவத்தை நோக்குவோம். பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்திற்கு இயைய வழங்குதல் தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. நன்னூலார் வடசொல்லாக்கம் கூறுங்கால், ஹகரம் மொழிமுதலில் அகரமாகவும் இடையிற் ககரமாகவும் திரியும் என்பர். ஹரன் அரனாதலும், மோஹம் மோகமாதலும் இதன்பாற்படும். ஹள்ளி வடசொல்லன்று, திசைச்சொல். எனினும், ஒலித்திரிபு ஒத்தலின் அவ்விதியை ஈண்டும் பொருத்துதல் தகும்.

ஆயின், இவ்விடத்து ஓர் ஐயம் எழும். ஊர்ப்பெயரை ஒரு சொல்லாகக் கொண்டு ஹகரம் இடையில் நின்றது எனக் கருதின், 'மாரண்டகள்ளி' என்றாகும். அது ஊரைக் கள்ளிச் செடியாக்கிவிடும். ஹள்ளி தனித்து நிற்கவல்ல வருமொழியாதலின் முதல்நிலை விதியே ஏற்கும். 'அள்ளி' என்பதே முடிபு. பேச்சுக் கன்னடத்திலும் பல வட்டாரங்களில் மொழிமுதல் ஹகரம் கெட்டு, 'அள்ளி' என ஒலித்தல் உண்டு. இலக்கண விதியும் மக்கள் வழக்கும் ஈண்டு ஒருங்கே நிற்கின்றன.

4. புணர்ச்சி

'மாரண்ட' என்பதனோடு 'அள்ளி' புணருங்கால் ஈருயிர் அடுத்து நிற்கும். நன்னூல் விதிப்படி வகர உடம்படுமெய் தோன்றி 'மாரண்டவள்ளி' என்றாதல் வேண்டும். அவ்வாறு வழங்குவாரை யாம் கண்டிலேம். தொல்காப்பியர் உடம்படுமெய் பெறுதலை விலக்கார் என்னும் கருத்துப்படவே கூறினமையின், பெறாது நிற்றலும் உண்டென்பது உரையாசிரியர் கொள்கை. இதனான் 'மாரண்டஅள்ளி' என விட்டிசைத்து எழுதுதற்கும் இடமுண்டு. ஈரகரத்துள் ஒன்று கெட்ட 'மாரண்டள்ளி' மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை எனவும், புதுச்சேரி புதுவை எனவும் மருவியதை ஏற்ற நாம் இதனை மட்டும் இழித்தல் முறையன்று.

5. உண்மைப் பிழை

அங்ஙனமாயின் இப்பெயரிற் பிழையே இல்லையோ எனின், உண்டு. 'மாரண்டஹல்லி' என லகரம் இட்டு எழுதுதல் பிழை. சொல்லின் வேரில் நிற்பது ளகரம்; தமிழிலும் கன்னடத்திலும் அது மாறியதில்லை. ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடு இன்மையின், அவ்வெழுத்திற் கண்டதை மீண்டும் தமிழாக்குவோர் இப்பிழையைச் செய்கின்றனர். வழக்கிலும் இல்லாமல், விதியிலும் இல்லாமல், அறியாமையால் மட்டும் தோன்றுவதே பிழை.

'சுவற்றில்' என்பதும் இத்தகையதே. சுவர் ரகர ஈற்றுச் சொல்லாதலின் 'சுவரில்' என்பதே முடிபு. கிணறு கிணற்றில் ஆனது கண்டு மயங்கியது இது. முயல் என்னும் பகுதியினின்று 'முயன்றான்' வருதலை மறந்து, தொழிற்பெயரினின்று 'முயற்சித்தான்' என ஆக்குதலும் அவ்வாறே. 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' என்பனவோ அறிஞரிடையே இன்னும் வழக்கொழியாதவை. அவற்றை முன்னையவற்றோடு ஒருநிரையில் வைத்துக் கோடிடல் தகாது.

6. எழுத்தும் ஆணையும்

ஒருசீர்மை வேண்டுமென்பார் கூற்றிலும் உண்மை உண்டு. ஒருவரது குடும்ப அட்டையில் ஒரு வடிவமும் நிலப்பதிவில் வேறொரு வடிவமும் இருப்பின், அல்லலுறுவார் அவரே. ஆயினும், ஒருசீர்மையை ஆணையால் மட்டும் விரைந்து ஆக்குதல் எளிதன்று. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் 1,018இன் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய அரசாணை வெளிவந்தது. நோக்கம் நன்றே. எனினும், எழுத்துப்பெயர்ப்பு நெறி பற்றி எழுந்த குறைபாட்டுரைகளால் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில வடிவிற்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டின், தமிழ் வடிவிற்கு எத்துணை வேண்டும்?

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான் பெறப்படுவன: ஹள்ளி மொழிவரலாற்று வடிவம், அள்ளி இலக்கண வடிவம், மாரண்டள்ளி மரூஉ வடிவம், ஹல்லி ஒன்றே பிழை. ஆய்வேட்டில் ஒன்றனைத் தேர்ந்து, ஏனையவற்றை முதற்கண் சுட்டி, தேர்ந்ததனையே இறுதிவரை ஆளுதல் மாணாக்கர் கடன். பேச்சுப் பதிவிற்கு இவ்வரையறை பொருந்தாது. ஆங்குக் கேட்டவாறே எழுதுதல் வேண்டும். கோடிடுமுன் விதி, வழக்கு, வரலாறு மூன்றனையும் வினவுதல் ஆசிரியர் கடன். அம்மாணவர்க்கு யாம் குறைத்த மதிப்பெண்ணை இன்று மீட்டளித்தல் இயலாது. அவர் வினாவிற்கு விடையேனும் அளித்தல் கூடும் என்னும் கருத்தால் இதனை எழுதினோம். குறையுளதேல் அறிஞர் திருத்திக் கொள்க.