யாரை இறக்குவது?



சென்ற ஆண்டு இப்பல்கலைக்கழகத்தின் மொழிச் சங்கங்களுக்கிடையே நடந்த ஓட்டப் பந்தயங்களுக்கு நம் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். நன்றாக ஓடுபவர் ஒருவர் இருக்கையில் வேறொருவரைத் தேடுவானேன் என்று எண்ணி, ஒரே நண்பரை நானூறு மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் இறக்கினேன். முதலாவதில் அவர் வெகுதூரம் முந்தி வந்தார். இரண்டாவதில் கால் சுளுக்கிப் பாதியில் அமர்ந்துவிட்டார். என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே இன்னும் உறுத்துகிறது.

எங்கள் துறையில் உடன் பயிலும் நண்பர் ஒருவர் குளிர்கால ஒலிம்பிக்கை விடாமல் பார்ப்பவர். “ஃபிகர் ஸ்கேட்டிங்கின் அணிப் போட்டியைப் படித்துப் பார், உன் கணக்கு எங்கே பிழைத்தது என்று விளங்கும்” என்றார். படித்தேன். விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

பனிக்கட்டித் தளத்தில் ஆடும் இக்கலையில் பிரிவுகள் நான்கு: ஆடவர் தனி, மகளிர் தனி, இணை ஆட்டம், பனி நடனம். பின்னிரண்டிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவர். இணை ஆட்டத்தில் துணைவியைத் தலைக்குமேல் தூக்குவதும் எறிவதும் உண்டு. பனி நடனத்தில் அவற்றுக்கு இடமில்லை; காலடியும் தாளமுமே அதன் உயிர். 2014இல் சோச்சி நகரில்தான் இவை நான்கையும் சேர்த்த அணிப் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்கில் நடந்தது.

பத்து நாடுகள் போட்டியிடும். முதல் சுற்றில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு குறும் ஆட்டம். முதல் இடத்துக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9, இப்படியே இறங்கிக் கடைசி இடத்துக்கு 1. மொத்தத்தில் முந்திய ஐந்து நாடுகளே அடுத்த சுற்றின் நெடிய ஆட்டத்துக்குச் செல்லும். அங்கே 10 முதல் 6 வரை புள்ளிகள். இரு சுற்றுகளுக்கும் இடையே, நான்கில் இரண்டு பிரிவுகளுக்கு மேற்படாமல் ஆளை மாற்றிக்கொள்ளலாம். யாரையும் மாற்றாதிருக்க ஒரு வழி, ஒரு பிரிவில் மாற்ற நான்கு வழி, இரண்டில் மாற்ற ஆறு வழி. ஆக, தேர்வாளர் முன் பதினொரு வழிகள் நிற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நடுவர்கள் தரும் மதிப்பெண் இங்கே இடமாக மாறிவிடுகிறது. அடுத்தவரை அரை மதிப்பெண்ணால் வென்றாலும் 10 புள்ளிதான்; இருபது மதிப்பெண்ணால் வென்றாலும் 10 புள்ளிதான். எனவே, “நம்மில் சிறந்தவர் யார்?” என்பதன்று கேள்வி; “இவருக்குப் பதில் அவரை இறக்கினால் எத்தனை இடம் இழப்போம்?” என்பதே. ஓரிடம்தான் இழப்போம் என்றால், அந்த ஒரு புள்ளியைக் கொடுத்துச் சிறந்தவருக்கு ஓய்வை வாங்கிவிடலாம். சில நாளில் அவருக்குத் தனிநபர் போட்டி காத்திருக்கிறதன்றோ?

சோச்சியில் ஜப்பான் இப்படியே செய்தது. யுசுரு ஹன்யு குறும் ஆட்டத்தில் முதலாவதாக வந்தார். நெடிய ஆட்டத்துக்குத் தத்சுகி மச்சிதா வந்தார். ஹன்யு பின்னர்த் தனிநபர் தங்கத்தை வென்றார்.

ரஷ்யா தன் இரு மாற்றங்களையும் இணை ஆட்டத்திலும் பனி நடனத்திலும் செலவிட்டது. ஆடவர் தனியில் அதற்கு இருந்ததோ ஒரே இடம். ஆகவே எவ்கெனி பிளஷென்கோவே இருமுறையும் ஆடி, 9உம் 10உம் ஈட்டித் தந்தார். ரஷ்யா 75 புள்ளியுடன் தங்கம் வென்றது. கனடாவுக்கு 65, அமெரிக்காவுக்கு 60. ஆனால் சில நாள் கழித்துத் தனிநபர் போட்டிக்குத் தளத்தில் இறங்கிய பிளஷென்கோ, முதுகு வலியால் ஆடாமலே விலகினார். மகளிரில் பதினைந்து வயது யூலியா லிப்னிட்ஸ்காயா இருமுறையும் ஆடி 20 புள்ளியும் கொணர்ந்தார். தனிநபரில் ஐந்தாம் இடமே பெற்றார். அணியில் ஒருமுறையும் இறக்கப்படாத அடெலினா சோட்னிகோவா தனிநபர் தங்கம் வென்றார்! ஓய்வுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பட்டியல் எழுதுகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தனி ஆட்டத்தில் புகழ்பெற்ற ஜப்பான் 2014இலும் 2018இலும் ஐந்தாம் இடத்தில் நின்றது. இணை ஆட்டத்தில் அதற்கு வலிமை போதவில்லை. ரிகு மியூராவும் ரியுச்சி கிஹாராவும் 2019இல் இணைந்து கனடாவில் பயின்று தேறினர். 2022 பெய்ஜிங் போட்டியின் இறுதி முடிவில் ஜப்பானுக்கு வெள்ளி. நலிந்த பிரிவைப் பட்டியல் எழுதும் நாளில் தேற்ற முடியாது; ஆண்டுகள் முன்னரே தேற்ற வேண்டும்.

கணக்கு இவ்வளவே. கணக்கில் அடங்காதவர் விடுபட்டவர். 2014இல் அமெரிக்க மகளிருக்கு மூன்று இடங்கள் இருந்தன. நாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வந்த மிராய் நகாசுவை விட்டு, நான்காவதாக வந்த ஆஷ்லி வாக்னரைத் தேர்வுக் குழு சேர்த்தது. அந்த ஒரு போட்டியை மட்டும் பாராமல், முந்தைய பன்னாட்டுப் போட்டிகளையும் குழு எண்ணிப் பார்த்தது. நியாயமான முறைதான். ஆயினும் மூன்றாவதாக வந்தவரின் மனம்? நகாசு ஆட்டத்தை விடவில்லை. 2018இல் பியோங்சாங்கில், அணிப் போட்டியின் நெடிய ஆட்டத்திலேயே, மூன்றரைச் சுற்றுச் சுழலும் ‘டிரிபிள் ஆக்ஸல்’ தாவலை நிறைவேற்றினார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. அமெரிக்கா வெண்கலம் பெற்றது.

இனி என் கணக்குக்கு வருகிறேன். சென்ற ஆண்டுத் தொடர் ஓட்டத்துக்கு இன்னொருவரும் இருந்தார், முதலாண்டு மாணவர். ஓரிடம் பின்தங்கியிருப்போம், அவ்வளவே. அன்று அவர் ஓட்டக் காலணி அணிந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவரை ஏன் சேர்க்கவில்லை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இவ்வாண்டுப் பட்டியலை எழுதப்போகும் நண்பர் யாராயினும் அவருக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒருவர் தோளிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றுமுன், எத்தனை இடம் இழப்போம் என்று எண்ணிப் பாருங்கள். பட்டியலைப் பலகையில் ஒட்டுமுன், விடுபட்டவரின் அறைக்கு நீங்களே சென்று காரணத்தைச் சொல்லுங்கள். நான் இரண்டாவதை ஓராண்டு தாமதமாக, இந்த ஞாயிறன்று செய்யப்போகிறேன்.